வசனம் இல்லாத வேஷம்

சணல் சாக்கைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் கழுத்துதான் அரிக்கும். உளுந்து மூட்டை கட்டிய சாக்கு அது. இழை இடுக்கில் உட்கார்ந்திருந்த கரிசல் தூசியும், அதைப் போக்குகிறேன் என்று அம்மா கல்லில் அடித்துத் துவைத்த சவுக்காரத்தின் காரமும், வெயிலில் காய்ந்து விறைத்த நாரும் சேர்ந்ததில் கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்து, தேங்காயெண்ணெய் போட்டும் அடங்காமல் பல நாள் நின்றது. அந்தச் சாக்கை மாட்டிக்கொண்டு, ஊரே பார்க்க, ஒரு மேடையில் நான் கையையும் முழங்காலையும் ஊன்றி நாலுகால் பிராணியாக நின்றிருக்கிறேன். அப்போது ஐந்தாம் வகுப்பு. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம், கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு கேபிள் டிவி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொடுத்த வேஷத்தின் பெயர் "இட்". ஆங்கில இலக்கணத்தில் வருகிறதே, அதே "இட்"தான். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் முகம் சூடாகிறது. இருக்கட்டும், எழுதித்தான் பார்ப்போமே.

எங்கள் அப்பா ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். அம்மா தீப்பெட்டி "ஆபீசுக்கு"ப் போனாள். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்தைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, பெரியது சின்னது எல்லாமே "ஆபீஸ்"தான், அங்கே போய் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிறவளும் "ஆபீசுக்குப் போறேன்" என்றுதான் தூக்குச்சட்டியை எடுப்பாள். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்துக்குப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. மில்லில் புது மெஷின் மாட்ட வந்த வெளியூர் இன்ஜினியர் ஒருவர் அப்பாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்கிறார், அப்பா விழித்திருக்கிறார், அவர் மறுபடி கேட்க, இவர் மறுபடி விழிக்க, கடைசியில் அந்த மனுஷன் சிரித்துவிட்டு அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அப்பா மறந்திருப்பார். அந்தத் தட்டு அவருக்குள் எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. "எம் பிள்ளை இங்கிலீஷ் பேசணும். நாலு பேர் முன்னால நின்னு பேசணும். அதை நான் கேக்கணும்" என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னாராம். அடுத்த ஜூனில், முன்பு பருத்தி மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கி ஒன்றில் புதிதாகத் தொடங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் கழுத்துப்பட்டி கட்டி என்னைக் கொண்டுபோய் விட்டார்கள்.

அங்கே எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்தவர் ஸ்டெல்லா மிஸ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கல்யாணமாகிப் புதிதாக ஊருக்கு வந்திருந்தார். நல்லவர், அடிக்க மாட்டார், ஆனால் எதையும் ஆட்டமும் பாட்டுமாகத்தான் நடத்துவார். "பிரனௌன்" பாடத்தை அவர் நடத்திய விதம் இப்போதும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. பெயர்ச்சொல் என்பவர் ஒரு ராஜா, அவர் எப்போதும் வந்து நின்றுகொண்டிருக்க முடியுமா, களைத்துப்போவார் அல்லவா, அதனால் அவர் இல்லாத நேரத்தில் அவர் இடத்தில் நின்று வேலை பார்க்கிறவர்கள்தான் ஐ, யூ, ஹீ, ஷீ, இட், வீ, தே என்று சொல்லிவிட்டு, வகுப்பில் ஒவ்வொருவராகக் கைகாட்டி "ஹீ! ஷீ! தே!" என்று கத்தச் சொல்வார். எங்களுக்குப் பாதி நாள் "ஹீ"யும் "ஷீ"யும் இடம் மாறிப்போகும். எனக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. வீட்டில் அப்பாவை நாங்கள் "அவிய" என்போம், மரியாதையாக "அவர்கள்" என்கிற மாதிரி. "அவிய வந்துட்டாவளா", "அவிய சாப்பிட்டாவளா" என்றே பேசிப் பழகின வாய்க்கு, "மை ஃபாதர், ஹீ" என்று சொல்ல நாக்கு கூசியது. அப்பாவை "அவன்" என்று சொன்ன மாதிரியே இருக்கும். பரீட்சையில் "தே" என்று எழுதிவைத்தேன். மிஸ் சிவப்பு மையில் சுழித்து, "அப்பா ஒரே ஆள்தானே கண்ணு?" என்று கேட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சரி, அது சின்ன வெட்கம், அப்போதே போய்விட்டது.

பெரியது ஆண்டு விழாவோடு வந்தது. பொங்கல் லீவு முடிந்து வந்ததும் மிஸ் "பிரனௌன் குடும்பம்" என்று ஒரு நாடகம் எழுதிக்கொண்டு வந்தார். ராஜா வெளியூர் போய்விடுகிறார். அவர் இடத்துக்கு யார் தகுதி என்று பிரனௌன்கள் சண்டை போடுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் பெருமையை இங்கிலீஷில் எடுத்துவிடுகிறார்கள். கடைசியில் ஒற்றுமையாகிப் பாட்டு. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட நாடகங்களில் யாருக்கு என்ன வேஷம் என்பதை நாடகம் எழுதுகிறவர் முடிவு செய்வதில்லை, வாடகை டிரெஸ் எடுத்துக் கொடுக்க முடிகிற வீடுதான் முடிவு செய்யும். ஜரிகைக் கோட்டு போட்டு வருகிறேன் என்று சொன்ன தினேஷ் "ஹீ" ஆனான். அவன் அப்பாதான் என் அம்மா வேலை பார்த்த ஆபீசின் முதலாளி. சிவப்பாக, சுருட்டை முடியோடு, வெள்ளைக் கவுன் வைத்திருந்த பிள்ளை "ஷீ". இப்படியே "ஐ", "யூ", "வீ", "தே" எல்லாம் போய்விட்டன. மிச்சம் ஒன்று இருந்தது. "இட் யாரு?" என்று மிஸ் கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை. மிஸ்ஸின் கண் வரிசை வரிசையாக நடந்து வந்து என்மேல் நின்றது. "மாரீஸ்வரி, நீ செய்யிறியா? உனக்கு டிரெஸ் செலவே கிடையாது. பழுப்பா ஒரு துணி இருந்தாப் போதும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. என் வீட்டு நிலைமை அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதும், அதை அவர் நாற்பது பிள்ளைகள் முன்னால் அவ்வளவு அன்பாகச் சொன்னார் என்பதும். நான் தலையாட்டினேன். "சின்னப் பார்ட்டுன்னு நெனைக்காத, நீதான் மேடையில ரொம்ப நேரம் நிப்ப" என்றார். அது நிஜம்தான். முதல் காட்சியில் நாய், அடுத்ததில் மேசை, அதற்கடுத்ததில் நாற்காலி. கடைசிப் பாட்டில் "ஹீ" என் முதுகில் சிம்மாசனம் மாதிரி உட்கார, மற்றவர்கள் சுற்றி நின்று பாடுவார்கள். எல்லாருக்கும் வசனம் உண்டு. எனக்கு மட்டும் கிடையாது. மேசை எங்கேயாவது பேசுமா?

ஒத்திகை தொடங்கின முதல் நாளே எனக்குப் பெயர் விழுந்துவிட்டது: "இட்டு". குழாயடியில் தண்ணீர் குடிக்கப் போனால் "ஏலே, இட்டு வந்துட்டு", சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் "இட்டு திங்குது", கொஞ்சம் ஓடினால் "இட்டு ஓடுது பாரு". இத்தனைக்கும் என் அப்பாவும் வீட்டில் என்னை "அது" என்றுதான் சொல்வார். "அது இன்னும் தூங்கலையா", "அதுக்கு ஒரு முட்டை பொரிச்சுக் குடு", "அது கோவிச்சுக்கிட்டு இருக்கு" என்று. எங்கள் ஊரில் செல்லப் பிள்ளையை அப்படித்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு ஒருநாளும் எனக்குச் சுருக்கென்றதில்லை. குழாயடியில் கேட்டபோதுதான் உடம்பெல்லாம் கூசியது. தண்ணீர் குடிக்கப் போகாமலே சாயங்காலம் வரை இருக்கப் பழகினேன்.

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. "நாடகத்துல இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயம் நடந்தது. தினமும் ஒத்திகையில் எல்லாருடைய காலுக்கு நடுவிலும் நாலுகாலில் நின்று கேட்டுக் கேட்டு, மொத்த நாடகமும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. தினேஷ் திக்குகிற இடம், "ஷீ" மறந்துபோகிற வரி, "தே" இரண்டு பேரும் முந்திக்கொண்டு சொதப்புகிற இடம், எல்லாம் எனக்கு அத்துப்படி. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நடுவீட்டில் நின்று, எல்லார் வசனத்தையும் நானே பேசுவேன். "ஐ ஆம் ஐ! நோபடி இஸ் லைக் மீ!" என்று நெஞ்சில் தட்டுவேன். இந்தப் பக்கம் திரும்பி "ஹீ இஸ் தி கிங்!" என்பேன், அந்தப் பக்கம் திரும்பி "ஷீ இஸ் தி குவீன்!" என்பேன். கூசாமல், தடுமாறாமல், தண்ணீர் பட்ட பாடாக வரும்.

ஒருநாள் திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் அப்பா நிற்கிறார். ஷிப்ட் முடிந்து வந்தவர், தலையிலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருக்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஏட்டி, இம்புட்டும் நீயா பேசப் போற?"

நான் தலையை ஆட்டினேனா, சும்மா நின்றேனா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்த பிறகு "இல்லப்பா, எனக்கு வசனமே இல்ல" என்று சொல்ல வாய் வரவில்லை. பிரனௌன் என்றால் என்னவென்று கேட்டார். ராஜா இல்லாத இடத்தில் நிற்கிற ஆள் என்று மிஸ் சொன்னதைச் சொன்னேன். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, பதிலி! நம்ம மில்லுல நான் பாக்கேன்லா, அதே வேலைதான். ஆள் வரலைன்னா அவன் மெஷின்ல போய் நிக்கணும். இதையா இங்கிலீஷ்காரன் இம்புட்டுப் பெரிய பேர் வச்சு வச்சிருக்கான்?" நிரந்தரமாகாமல், வராதவன் இடத்தில் நிற்கிற "பதிலி"யாகவே அவர் பல வருஷம் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் அந்தப் பாடத்தை அவரே நடத்தினார்.

அப்புறம் தெருவே அறிந்துவிட்டது. அப்பாவுக்கு மெதுவாகப் பேசவே வராது. மில்லுக்குள் மெஷின் போடுகிற இரைச்சலில் பக்கத்து ஆளிடம் பேச வேண்டுமானால் ஒன்று தொண்டை கிழியக் கத்த வேண்டும், இல்லை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கத்தல் அவருக்கு வீட்டிலும் தொடர்ந்து வந்துவிட்டது. டீக்கடையில் "எம் பிள்ளை மேடையில இங்கிலீஷ் பேசப் போவுது" என்று அவர் சொன்னால், சொன்னது ரயில்வே கேட் வரை கேட்கும். பக்கத்து வீட்டுச் செல்லையா அண்ணாச்சி தன் மினி லாரியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார். நான் ராத்திரியில் போர்வைக்குள் கிடந்து, காய்ச்சல் வராதா, மழை பெய்யாதா என்று வேண்டினேன். எங்கள் சீமையில் தை மாசம் எந்த மழை வரும்?

சொல்லிவிட ஒரு வாய்ப்பு வந்தது. சாக்கை வெட்டி, கோணி ஊசியில் அப்பாவே தைத்துக்கொண்டிருந்தார். "என்னட்டி, ராஜா வீட்டு நாடகம்னு சொன்ன, சாக்கு எதுக்கு?" என்று கேட்டார். "நாயா வருவேன்ப்பா" என்றேன். ஊசி ஒரு நிமிஷம் நின்றது. "நாயாவுமா? சரி, நாடகம்னா நாலும் இருக்கும்" என்று மறுபடி குத்த ஆரம்பித்துவிட்டார். அடுப்படியிலிருந்து அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அவள் அடுப்பை ஊதத் திரும்பிக்கொண்டாள்.

ஆண்டு விழா சாயங்காலம் தொடங்கியது. கிட்டங்கிக்கு முன்னால் இருந்த கரிசல் திடலில் புழுதி அடங்கட்டும் என்று லாரித் தண்ணீரை அளவுக்கு அதிகமாக அடித்துவிட்டார்கள். வந்தவர்கள் செருப்பெல்லாம் சேறு அப்பி, ஆளாளுக்கு நடையே மாறிப்போயிருந்தது. பெஞ்சுகளைச் சேர்த்துப் பலகை போட்ட மேடை. முன்வரிசையில் சோபா, அதில் தினேஷின் அப்பா, இன்னும் ஒன்றிரண்டு முதலாளிமார். பின்னால் நாற்காலி, அதற்கும் பின்னால் கயிறு கட்டிய இடத்தில் நிற்கிறவர்கள். எங்கள் தெரு மொத்தமும் கயிற்றுக்குப் பின்னால் நின்றது. அப்பா வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. இன்னொருத்தரிடம் கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அம்மா தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். திரை இடுக்கு வழியாக அவர்களைப் பார்த்ததும் திரையை இழுத்து மூடினேன்.

நாடகம் தொடங்கியது. நான் நாயாகப் போனேன், சிரித்தார்கள். மேசையாக நின்றேன், என்மேல் ஒரு பூச்சாடியை வைத்தார்கள். மேடைமேல் நாலுகாலில் நிற்கிறவளுக்கு ஜனம் தெரியாது, பலகையும் மற்றவர்கள் காலும்தான் தெரியும். தினேஷின் பளபளப்பான ஷூ, "ஷீ"யின் வெள்ளை சாக்ஸ். எல்லார் வசனமும் என் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது. கயிற்றுக்குப் பின்னாலிருந்து "இப்பப் பேசும், இப்பப் பேசும்" என்று அப்பா பக்கத்தில் யாருக்கோ சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார். ஒவ்வொரு முறை அது கேட்கும்போதும் எனக்குப் பலகை இடுக்கு வழியே கீழே போய்விட முடியாதா என்றிருந்தது.

கடைசிப் பாட்டு வந்தது. தினேஷ் ஜரிகைக் கோட்டைச் சரி செய்துகொண்டு என் முதுகில் உட்கார்ந்தான். கனமான பையன். கைதட்டல். பாட்டு பாதி போயிருக்கும், பலகை அதிர்ந்தது. புதிதாக இரண்டு கால்கள் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. செருப்பில்லாத, கணுக்கால் வரை கரிசல் அப்பிய கால்கள். மேடை ஏறுகிற மரியாதைக்கு அப்பா செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வந்திருக்கிறார்.

"தம்பி, செத்த எந்திரிக்கீங்களா? அது பேசட்டும்."

மைக் இல்லாமலே திடல் முழுக்கக் கேட்டது. தன் பிள்ளை முதுகில் உட்கார்ந்திருந்த பத்து வயசுப் பையனை அவர் "நீங்க" என்றுதான் சொன்னார். முதலாளி மகன் அல்லவா. தினேஷ் எழுந்திருக்கவில்லை. பாட்டு முடிந்துதான் எழுந்திருக்க வேண்டும் என்று மிஸ் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார், பாவம், அவன் பயந்துபோய் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஜனங்கள் இதுவும் நாடகம்தான் என்று நினைத்து ஓவென்று சிரித்தார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு மிஸ் பக்கம் திரும்பி, "வீட்டுல எல்லாம் பேசுதும்மா. அத்தனையும் தெரியும் அதுக்கு. ஒரு ரெண்டு வார்த்தை" என்றார்.

நான் கீழே கிடந்தபடியே சொன்னேன். "அப்பா, போங்கப்பா. இன்னும் முடியல." நான் அந்த மேடையில் பேசிய வசனம் அது ஒன்றுதான். அவருக்கு மட்டும்தான் கேட்டது. அவர் போகவில்லை. போகத் தெரியாமல் நின்றார் என்று நினைக்கிறேன். பாட்டு முடிகிறவரை, ஜரிகைக் கோட்டுக்கும் வெள்ளைக் கவுனுக்கும் நடுவில், கை கட்டியபடி, வேட்டி விளிம்பில் சேறோடு, அவரும் ஒரு வேஷக்காரர் மாதிரி நின்றார்.

பாட்டு முடிந்து தினேஷ் இறங்கினான். நான் எழுந்து நின்றேன். ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் அவர் ஒரு காரியம் செய்தார். மைக்கைக் கழற்றி எடுத்துவந்து, குனிந்து, என் வாய்க்கு நேரே பிடித்தார். "பேசும்மா. எதுவானாலும் பேசு." எனக்கு எல்லா வரியும் தெரியும். ஆனால் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தருடையது, அவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று என்னைப் பார்க்கிறார்கள். இதைச் சொன்னால் அது தினேஷுடையது, அதைச் சொன்னால் "ஷீ"யுடையது. எனக்கென்று எழுதினது எது? அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. அதற்கும் யாரோ சிரித்தார்கள். நான் சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

மினி லாரியில் திரும்பும்போது எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அதைவிட அவர்கள் கேலி பேசியிருக்கலாம். செல்லையா அண்ணாச்சிதான் தாங்காமல், "என்ன வே, பிள்ளை ஒண்ணும் பேசலையே" என்றார். அப்பா உடனே, கொஞ்சம்கூடத் தடுமாறாமல், "தொண்டை கட்டியிருக்கு அண்ணாச்சி. ரெண்டு நாளா இருமல். நான்தான் கவனிக்காமப் போயிட்டேன்" என்றார். எனக்கு இருமலும் இல்லை, ஒன்றும் இல்லை. டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, எல்லாரும் பார்க்க, மிளகு தட்டிப் போட்ட பால் ஒரு கிளாஸ் வாங்கி என் கையில் கொடுத்தார். "சூடாக் குடி. தொண்டைக்கு நல்லது." குடித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கசாயம் போட்டாள். அதையும் குடித்தேன். அவள் மறுநாளும் போட்டாள். அந்தத் தொண்டைக்கட்டை எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து காப்பாற்றினோம்.

அந்த வாரத்தில் ஒருநாள் ஆபீசில் முதலாளி அம்மாவைப் பார்த்து, "ஒம் புருசன் அன்னைக்கு நல்லா நடிச்சானே!" என்று சிரித்தாராம். பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்த பொம்பளைகளும் சிரித்தார்களாம். அம்மா இதை என்னிடம் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. அப்பாவிடம் சொல்லவே இல்லை.

அதற்கப்புறம் நான் வீட்டில் இங்கிலீஷில் வாயே திறக்கவில்லை. படித்தேன், நன்றாகவே படித்தேன், ஆனால் எல்லாம் மனசுக்குள்தான். அப்பா கதவோரமாக வந்து நிற்கிற சத்தம் கேட்டால் புத்தகத்தைக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். பரீட்சையில் இங்கிலீஷில் முதல் மார்க் என்றால் தாளைக் காட்டுவேன், படித்துக் காட்ட மாட்டேன். வேலை கிடைத்து, வேலையே நாள் முழுக்க இங்கிலீஷில் பேசுவதுதான் என்று ஆன பிறகும், லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கும்போது போன் அடித்தால் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன். "சிக்னல் இல்லம்மா" என்பேன். வீட்டுக்குள் சிக்னல் நன்றாகவே இருந்தது. மாடிப்படியில் பாதி வரை அப்பா ஏறி வந்து நின்றதை ஒருதடவை பார்த்திருக்கிறேன். நான் பேச்சை நிறுத்தினதும் இறங்கிப் போய்விட்டார்.

இப்போது அந்த மில் இல்லை, இடத்தைப் பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். கிட்டங்கி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். ஸ்டெல்லா மிஸ் எந்த ஊரில் இருக்கிறாரோ. தீப்பெட்டி ஆபீஸ்களில் முக்கால்வாசி வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. "இட்டு" என்று கூப்பிட ஒரு ஆள்கூட ஊரில் கிடையாது. அப்பாவுக்குக் காது போய்விட்டது. மில் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வைத்திருந்ததை வயசு வந்து முடித்துவிட்டது என்றார் டாக்டர். காதுக்கு மெஷின் வைத்துப் பார்த்தோம், தலைக்குள் பஞ்சு ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் கேட்காது, ஆனாலும் சத்தத்தை முழுக்கத் திருகி வைத்திருப்பார். என் போன் அடித்தது. வழக்கம்போல எழுந்து மாடிப்படிக்குப் போனேன். பாதியில்தான் உறைத்தது, இனி எதற்கு மாடி? திரும்பி வந்து அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து இங்கிலீஷில் பேச ஆரம்பித்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தார். அடுப்படியில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு என் வாயையே பார்க்கத் தொடங்கினார்.

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. கேட்கிற காது இருந்த காலத்தையெல்லாம் நான் மாடியில் நின்றே தொலைத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, அவருக்கு உதடு தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திப் பேசினேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று கேட்டார்.